பூட்டு திறந்தால் போதாது

இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். நம்மை அறிந்த எவரும் ஊகித்துவிடலாம். போலிக் கோப்புக்கும் அதையே போடலாம். ஆகவே கோப்பு திறந்துகொண்டது என்பதாலேயே அது அசல் ஆகிவிடாது. உண்மையான சான்று அதிலுள்ள மின்னணுக் கையொப்பம். ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அச்சிட்டுவிட்டால் அந்தக் கையொப்பம் வெறும் படம். அந்தத் தாளைத்தான் பல இடங்களில் கேட்டு வாங்குகிறார்கள்.

சாமானியர் இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சரிபார்க்க வேண்டியவர் கொடுப்பவர் அல்லர், வாங்குபவர். தாளிலுள்ள கியூஆர் குறியீட்டுக்குள்ளும் ஆதார் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம் உண்டு. ஆணையத்தின் செயலியால் அதைச் சோதிக்க இணையம்கூடத் தேவையில்லை. நகல் கேட்கும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் இச்சோதனையை அரசு கட்டாயமாக்க வேண்டும்.