பல்லுக்கும் பாலிசியா? வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

சில வாரங்களுக்கு முன் நமது உறுப்பினர் ஒருவர் ஒரு பாலிசியைக் கையில் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்தார். மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். கடைவாய்ப் பல்லில் வலி வந்து, மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டே இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார். கேரளத்துக்குப் போகும் லாரி நிற்கும்போது டாக்டரிடம் எங்கே போவது? முகம் வீங்கிய பிறகு திண்டுக்கல் போய் வேர் சிகிச்சை செய்து, கேப் போட்டு வந்தார். ரசீதை இன்சூரன்சுக்கு அனுப்பினால் அப்படியே திரும்பி வந்துவிட்டது. "பல்லிலிருந்து பாதம் வரை எல்லாம் உண்டு" என்று ஏஜெண்டு சொன்னாராம். அச்சடித்த தாளில் அப்படி இல்லை. நாமும் படித்துப் பார்த்தோம். நாம் ஒரு லோடு வெங்காயத்துக்கு மூட்டையைக் குத்திச் சாம்பிள் பார்க்கிறோம். பத்தாயிரம், இருபதாயிரம் கட்டும் பாலிசியைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் பல்லுக்கென்றே தனி பாலிசி என்பது அபூர்வம். 1986-ல் அரசுப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் மெடிக்ளெய்ம் கொண்டுவந்த நாளிலிருந்து, மருத்துவ பாலிசி என்றால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு என்றுதான் பொருள். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் எழுந்து வரும் சிகிச்சை அதில் சேராது. விபத்தில் தாடை உடைந்து அட்மிட் ஆனால் கிடைக்கும். சொத்தைப் பல்லை அடைத்தால் கிடைக்காது. பிடுங்குவதும், செட் பல் கட்டுவதும் பெரும்பாலான பாலிசிகளில் அப்படித்தான்.

2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று வந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில், நோயாலோ காயத்தாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் பல் வைத்தியம் உண்டு. பல்லின் சீழ் தாடைக்கும் கழுத்துக்கும் இறங்கிப் படுக்க வைத்துவிட்டால் இது கைகொடுக்கும். பில்லில் 5 சதவீதம் நாம் போட வேண்டும். இதைப் பல்லுக்காக அல்ல, நெஞ்சு வலிக்கும் கை கால் முறிவுக்கும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி பாலிசி கூட இல்லாதவர் முதலில் எடுக்க வேண்டியது இந்த வகைதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டது. சர்க்கரை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் மூன்றாண்டுதான். மறைத்தால் முழுப் பணமும் போகலாம். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் வருமான வரியில் கழிவு கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி, 'வெளிநோயாளிச் செலவும் தருகிறோம், பல்லும் அடக்கம்' என்று கூடுதல் பிரீமியத்தில் விற்கிறார்களே, அதைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, கூடுதல் பிரீமியம் 4,000, ஆண்டு வரம்பு 5,000 என்று வையுங்கள். ஐயாயிரத்துக்கும் வைத்தியம் செய்துகொண்டால்தான் நமக்கு மிச்சம் 1,000. அந்த ஆண்டு பல் வலிக்காவிட்டால் நாலாயிரமும் போச்சு. அதற்கு மேல், முதல் சில மாதம் கிடையாது, அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும், கேப்புக்கும் செட் பல்லுக்கும் கிடையாது என்று ஒவ்வொன்றாகக் கழிவு விழும். அந்தப் பட்டியலில் ஒட்டன்சத்திரத்திலோ திண்டுக்கல்லிலோ ஒரு டாக்டராவது உண்டா என்று கேளுங்கள். கோயம்புத்தூர் வரை போக வேண்டும் என்றால் ஒருநாள் வியாபாரத்தையும் பிரீமியத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கடையில் தனியாக ஒரு டப்பா வைத்துத் தினம் 10 ரூபாய் போட்டு வந்தால் ஆண்டுக்கு 3,650. இந்தப் பணத்துக்குக் காத்திருப்புக் காலமும் இல்லை, பட்டியலும் இல்லை. வீட்டில் நாலைந்து பேருக்குப் பல் தொல்லை இருக்கிறது, வரம்பும் பெரிது என்றால் கூடுதல் பிரீமியம் லாபமாகலாம், மறுக்கவில்லை. ஒற்றை ஆளுக்கு டப்பாதான் மேல் என்பது நமது கருத்து.

இதை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேரம் பேசுவானேன் என்பதுதான் நாம் முக்கியமாகக் கேட்பது. 1954-ல் அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர் சங்கம், தன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் வேண்டும் என்று கப்பல் முதலாளிகளோடு பேசி முடித்தது. மூன்று மாநிலப் பல் மருத்துவர் சங்கங்கள் அதை நடத்திக் கொடுத்தன. அங்கே பல் இன்சூரன்ஸ் பெரிதாக வளர்ந்ததற்கு அதுவே ஆரம்பம். மூட்டை தூக்கியவர்கள் செய்ததை மூட்டை விற்கும் நம்மால் செய்ய முடியாதா? இன்சூரன்சுக்காக மட்டும் கூட்டிய குழுவுக்குக் குரூப் பாலிசி தரக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. வியாபாரத்துக்காக அமைந்த சங்கத்துக்கு அந்தத் தடை இல்லை. பாலிசி பிறகு வரட்டும்; உள்ளூர் பல் டாக்டர்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை, சுத்தம் செய்வது, அடைப்பது இவற்றுக்கு உறுப்பினர் குடும்பங்களுக்கென்று ஒரு ரேட் பேசலாம். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராத்திரி பகல் பாராமல் நிற்கும் நமக்குச் சர்க்கரை தூக்கலாக நாலைந்து டீ, வாயில் எந்நேரமும் பாக்கு, சிலருக்குப் புகையிலை. திண்டுக்கல் சீமைக்காரர்களுக்குப் புகையிலையைப் பற்றி எழுதினால் கோபம் வரும், எழுதாமலும் இருக்க முடியவில்லை. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது பல் செலவுக் கணக்கில் சேராது, உடனே காட்டிவிடுங்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த ரேட் விஷயத்தைப் பேச நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறோம். வருகிறவர்கள் வீட்டில் உள்ள பாலிசியை, முக்கியமாகப் பொடி எழுத்தில் இருக்கும் பின்பக்கங்களோடு, எடுத்து வர வேண்டுகிறோம்.