விலையைக் கணனி போடட்டும், விதியை நாம் போடுவோம்

"ஏன் இந்த விலை?" என்று கேட்டால், "கணனி போட்ட விலை" என்று பதில் வருகிறது. விற்பனை மென்பொருள் கூட்டுறவுக் கடைகளுக்கும் உற்பத்தியாளர் சங்கங்களுக்கும் வந்து சேரும் இந்நாளில், இப்பதிலை நாம் இன்னும் அடிக்கடி கேட்கப் போகிறோம். சந்தையில் தரகர் சொன்ன விலையை மறுத்துப் பேசத் தெரிந்த எமது கமக்காரர், கணனி சொன்ன விலையின் முன் மட்டும் ஏன் வாயடைத்து நிற்க வேண்டும்?

கணனி விலையைத் தன் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. யாரோ ஒருவர் அதற்கு விதிகளைக் கொடுத்திருக்கிறார். "அடக்கவிலையோடு இத்தனை வீதம் கூட்டு", "பத்து மூடைக்கு மேல் வாங்கினால் இத்தனை வீதம் கழி", "அயல் கடையின் விலையிலும் ஒரு ரூபாய் குறைத்துப் போடு" என்பன அத்தகைய விதிகள். அடக்கவிலையோ அயல் கடையின் விலையோ மாறிப் பதியப்பட்டதும், கணனி புதிய விலையைக் கணித்துவிடும். நேரம் மிச்சமாகும், கூட்டல் கழித்தல் பிழைகளும் குறையும். இவ்வசதியை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விதியே பிழையாயின், அப்பிழையை ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் கணனி தவறாமல் எழுதும்.

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமேசன் இணையச் சந்தையில் நடந்ததைப் பாருங்கள். ஈயின் உடல் எவ்வாறு உருவாகிறது என்பது பற்றிய உயிரியல் நூல் அது. அதன் புதிய பிரதியை இரு வியாபாரிகள் விற்பனைக்கு வைத்திருந்தனர். ஒருவரின் விதி, மற்றவர் விலையின் 0.9983 மடங்கு. மற்றவரின் விதி, இவர் விலையின் 1.270589 மடங்கு. ஒருவர் சற்றுக் குறைக்க, மற்றவர் கால் பங்குக்கு மேல் கூட்ட, விலை ஒவ்வொரு சுற்றிலும் ஏறியது. முடிவில் அது 2 கோடி 36 இலட்சம் டொலரைத் தாண்டியது. அதே நூலின் பழைய பிரதியை ஏறக்குறைய 35 டொலருக்கு வாங்கலாம்! இதனை மைக்கல் ஐசன் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் கவனித்து வெளியிட்டார்.

2014ஆம் ஆண்டு டிசம்பரில் பிரித்தானியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. தானாக விலை மாற்றும் மென்பொருள் ஒன்றில் ஏற்பட்ட கோளாறினால், சிறு வியாபாரிகள் பலரின் பொருட்கள் ஒரு மாலைப் பொழுதில், ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒரு பென்னிக்கு விலையிடப்பட்டன. வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள், விற்றவர்கள் பெரும் நட்டமடைந்தார்கள்.

இவை தூரதேசத்துக் கதைகளாகத் தோன்றலாம். ஆயினும், கிராமத்துச் சங்கத்தின் மிளகாய்த் தூளுக்கும் கணக்கு ஒன்றுதான். கிலோவுக்கு அடக்கவிலை 800 ரூபாய், விற்பனை விலை 1000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மொத்தக் கொள்வனவுக்கு 10 வீதக் கழிவு என ஒரு விதி. பண்டிகைக்கு 15 வீதக் கழிவு என இன்னொரு விதி. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமானவை. ஒரே பற்றுச்சீட்டில் இரண்டும் சேர்ந்தால், 1000 ரூபாய் 900 ஆகி, பின் 765 ஆகிறது. கிலோவுக்கு 35 ரூபாய் நட்டம். அதனை யார் சுமப்பது? கடைசியில் மிளகாய் கொடுத்த குடும்பம்தான்.

எனவே, எல்லா விதிகளுக்கும் மேலாக, "அடக்கவிலைக்குக் கீழே போகாதே" என்ற விதியை முதலில் பதிய வேண்டும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு. அடக்கவிலை என்ற கட்டத்தில் எதை எழுதுகிறோம்? விதை, பசளை, மருந்து, போக்குவரத்து ஆகியவற்றை மட்டும் எழுதினால் போதாது. சொந்தக் காணியை விட்டு வந்த குடும்பம் பிறர் காணிக்குக் குத்தகை கொடுக்கிறது. நீர் இறைக்க எண்ணெய் வாங்குகிறது. கணவனும் மனைவியும் நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறார்கள். குத்தகையும் அவர்களது கூலியும் அக்கட்டத்தில் ஏறாவிட்டால், கணனி இலாபம் என்று காட்டுவது உண்மையில் அக்குடும்பத்தின் ஊதியமில்லா உழைப்பே.

சங்கங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வையுங்கள். ஒரு பற்றுச்சீட்டில் ஒரு கழிவு மட்டுமே செல்லும்படி செய்யுங்கள். விலை 10 வீதத்துக்கு மேல் மாறுமாயின், நிர்வாகக் குழுவில் இருவர் பார்த்துச் சம்மதிக்கும் வரை அது நடைமுறைக்கு வரக்கூடாது. விதியை மாற்றியவர் யார், எந்த நாளில், எக்காரணத்தால் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். புதிய விதியை முதலில் ஒரு பொருளில் மட்டும் பரீட்சித்துப் பாருங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது, விலை விதிகளையும் வாசிக்கும்படி கேட்போம். எழுத வாசிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் விளங்கும் தமிழில் அவை வாசிக்கப்படட்டும். "இதில் என் குத்தகை எங்கே? என் கூலி எங்கே?" என்று அவர் கேட்கட்டும். அக்கேள்விக்குச் சங்கம் பதில் சொல்லியே ஆக வேண்டும். "கணனி போட்டது" என்பது பதிலாகாது.