அடுப்படிக்கும் காற்று வேண்டும்



புதுமனை மந்திரிக்க வரும் பங்குக் குரு, கூடத்தில் மட்டுமன்றி அடுப்படியிலும் புனித நீர் தெளிக்கிறார். ஆனால் வீட்டுக்கு வரைபடம் போடும்போது நாம் அடுப்படியை அவ்வாறு மதிப்பதில்லை. கூடத்துக்கு நான்கு சன்னல் வைப்போர், எஞ்சிய மூலையைச் சமையற்கட்டுக்கு ஒதுக்குகின்றனர். நாள்தோறும் பல மணி நேரம் அங்கே நிற்பவர் நம் தாயோ மனைவியோ ஆவார். அவர் இருமினால், "தாளிப்பு நெடிதானே" என்று கூறி அமைதி கொள்கிறோம்.

அது வெறும் நெடியன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம், 2010இல் வெளியிட்ட தொகுப்பில், விறகுப் புகையையும் கொதிக்கும் எண்ணெயில் பொரிக்கும்போது எழும் ஆவியையும், புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்துள்ளது. ஆகவே, எரிவாயு அடுப்பு வந்துவிட்டதால் இனிக் கவலையில்லை என்றிருப்பது தகாது.

இக்கவலை புதிதுமன்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, ஏழைகளின் இல்லங்களுக்கெனப் புகையற்ற அடுப்பு ஒன்றை வகுத்தார். அதனை விளக்கும் அவருடைய நூலைச் சென்னைக் கிறித்தவ இலக்கியச் சங்கம் 1953இல் வெளியிட்டது. புகையை அடுப்பிலிருந்தே குழாய் வழியாகக் கூரைக்கு மேல் அனுப்புவதே அவர் காட்டிய வழி. எழும் இடத்திலேயே பிடித்து வீட்டுக்கு வெளியே விடவேண்டும் என்னும் அந்த நெறி இன்றும் மாறவில்லை. எதை வாங்குவதாயினும் இதனையே உரைகல்லாகக் கொள்ளுங்கள்.

முதலாவது, செலவற்ற வழி. சூடான காற்று மேலெழும். எனவே கூரையை ஒட்டி ஒரு திறப்பும், குளிர்ந்த காற்று நுழையத் தாழ்வாக ஒரு திறப்பும் வேண்டும். நுழைய வழியின்றேல் வெளியேறவும் வழியில்லை.

இரண்டாவது, எக்ஸாஸ்ட் விசிறி. 10 அடி நீளமும் 8 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையில் 800 கன அடிக் காற்று உண்டு. மணிக்கு 15 முறை அது மாறவேண்டுமானால், ஏறத்தாழ 340 கன மீட்டர் காற்றை வெளியேற்றும் விசிறி தேவை. இவ்வளவு பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும். அடுப்புக்கு அருகே வெளிச்சுவரில் உயரமாகப் பொருத்துக. திறந்த சன்னலை ஒட்டி வைத்தால், சன்னற் காற்றையே இழுத்துவிட்டுப் புகையை அறையில் விட்டுவிடும்.

மூன்றாவது, மின்சாரச் சிம்னி. பொரியலும் வறுவலும் மிகுந்த வீட்டுக்கு இது ஏற்றது. அடுப்புக்கு மேல் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் அமைப்பது வழக்கம். வெளியே செல்லும் குழாய் குட்டையாகவும் வளைவு குறைந்ததாகவும் இருத்தல் நன்று. குழாயின்றிக் கரி வடிகட்டியுடன் விற்கப்படும் வகை மணத்தைக் குறைக்குமேயன்றி, வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்றாது. விலையைக் கேட்குமுன் "புகை எங்கே போகிறது?" என்று கேளுங்கள். வாங்கியபின் எண்ணெய்ப் பிசுக்கு ஏறாமல் வடிகட்டியை அடிக்கடி கழுவுங்கள்.

ஓர் எச்சரிக்கை: சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அவ்வேளையில் விசிறியையோ விளக்கையோ போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஒரு சிறு பொறியே போதும், தீப்பற்றிவிடும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைக் கையால் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பின்மேல் மீனை வைத்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடர்களை உண்ண அழைத்தார் என்று அருளப்பர் எழுதுகின்றார். ஆண்டவரே செய்த பணியை நம் இல்லத்தில் செய்பவர் மூச்சுத் திணறி நிற்கலாமா? வரவேற்பறைக்குப் புது நாற்காலி வாங்க எண்ணும் குடும்பத் தலைவர்கள், முதலில் ஒரு நாள் தாளிக்கும் வேளையில் அடுப்படியில் சென்று நின்று பார்ப்பார்களாக. எது முதலில் வேண்டும் என்பது அப்பொழுது தானே விளங்கும்.