உறைமழைக் காலத்தில் துப்பாக்கி எதற்கு?

பெருநகர வாழ்வு ஒருநாள் திடீரென்று ஸ்தம்பித்துவிடுமாயின், குடும்பத்தைக் காப்பாற்றும் பொருட்டு எந்தத் துப்பாக்கியை வாங்கி வைப்பது, எந்த அளவுத் தோட்டாவைச் சேமிப்பது என்ற விசாரம் நம் இளைஞர் சிலரிடையேயும் இப்போது கேட்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் கடைத் தட்டுகள் வெறுமையாகக் கிடந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். ஆகவே அவர்களுடைய அச்சத்தை அற்பமென்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் மொன்றியல் மாநகரில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்த ஆயத்தத்தால் நன்மை ஏதும் விளையாது, தீமை விளையக்கூடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

துப்பாக்கி பழகியவர்கள் சொல்வதை முதலில் கேட்போம். ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு விட்டமுள்ள .22 துப்பாக்கியின் தோட்டா மலிவானது, இலேசானது. முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் அது போதும். 12 என்று எண்ணிட்ட சொட்கன், ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு அகலமான குழலை உடையது. தோட்டாவை மாற்றிக்கொண்டால் வாத்தையும் மானையும் அதே ஆயுதத்தால் வேட்டையாடலாம். .308, .303 போன்றவை மூஸ் எனும் பெரிய மானுக்கும் கரடிக்கும் உரியவை. வடகியூபெக்கின் நுனாவிக்கில் வாழும் இனுயிட் மக்களுக்கும், ஜேம்ஸ் விரிகுடாவைச் சார்ந்த கிறீ மக்களுக்கும் வேட்டை அன்றாட ஜீவன விஷயம். வடபுலத்தைக் காக்கும் கனேடிய ரேஞ்சர்கள், இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட .303 லீ என்ஃபீல்ட் துப்பாக்கியைப் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்து, கடுங்குளிரிலும் அதன் எளிய பொறியமைப்பு பிசகாமல் இயங்கியதை அனுபவத்தில் அறிந்து, அண்மையில்தான் .308 அளவுடைய புதிய துப்பாக்கிக்கு மாறினார்கள். அங்கே அந்த ஞானம் உயிர் காக்கும் ஞானம். அதை நான் மதிக்கிறேன். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலோ கோட்-டெ-நேஜிலோ மாடிக் குடியிருப்பில் வாழ்பவரை நெருங்கும் ஆபத்தோ வேறு வகையானது.

அது எத்தகையது என்பதை 1998 ஜனவரியில் இந்நகரம் கண்டது. அம்மாதம் 5ஆம் திகதி தொடங்கி விட்டுவிட்டுப் பெய்த உறைமழை, தொட்ட இடமெல்லாம் பனிக்கட்டியாகப் படிந்து, மரங்களை முறித்து, மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்து, வானளாவிய மின்கோபுரங்களை வரிசை வரிசையாக மடித்துப் போட்டது. கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 14 இலட்சம் மின்னிணைப்புகள் அற்றுப்போயின. மாகாண ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் நடுமாரியில் இருளிலும் குளிரிலும் தவித்தார்கள். ‘கரிய முக்கோணம்’ என்று அந்நாளில் பெயர்பெற்ற தென்கரைப் பிரதேசத்தில் சில குடும்பங்கள் ஒரு மாதம் வரை மின்சாரமின்றி வாழ நேர்ந்தது. 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை, மொன்றியல் தீவுக்கு மின்சாரம் கொணரும் பெருந்தடங்கள் பெரும்பாலும் வீழ்ந்து, குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் இயக்கமிழக்க, இன்னும் சில மணி நேரத்தில் நகரமே தண்ணீரற்றுப் போகும் என்ற நிலை உண்டாயிற்று. மெட்ரோ நின்றது. பூஷெர்வில் நகரில் ரயில் எஞ்சின் ஒன்றைத் தண்டவாளத்தை விட்டிறக்கித் தெருவழியே கொண்டுவந்து, நகர மண்டபத்துக்கு அதிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள்.

அந்த அனர்த்தத்தில் மாண்டவர்கள் எவ்விதம் மாண்டார்கள் என்பதையே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். குளிரில் உடற்சூடு குன்றி இறந்தவர் உண்டு. வீடு தீப்பற்றி இறந்தவர் உண்டு. கூரைப் பனிக்கட்டியை அகற்றப்போய் விழுந்தவர் உண்டு. மின்பிறப்பாக்கியையோ வெளியில் எரிக்க வேண்டிய அடுப்பையோ மூடிய இடத்தில் மூட்டி, நிறமும் மணமும் அற்ற காபன் மொனொக்சைட் வாயுவைச் சுவாசித்து, உறக்கத்திலேயே உயிர் நீத்தவர் உண்டு. இம்மரணங்களில் எதனைத் துப்பாக்கி தடுத்திருக்கும்? உதவிக்கு வந்த இராணுவத்தினர் 15,000 பேருக்கு மேல். முறிந்த கிளைகளை வெட்டியகற்றுவதும், விறகு சேர்ப்பதும், வீடு வீடாகச் சென்று முதியோரைத் தங்குமிடங்களுக்கு அழைத்துச் செல்வதுமே அவர்களுடைய பிரதான சேவையாயிருந்தன. 2023 ஏப்ரல் 5ஆம் திகதி உறைமழை மீண்டும் வந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைத் துண்டித்தபோதும், வைத்தியசாலைகளுக்குப் பலரைக் கொண்டுவந்தது அதே நச்சுவாயுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போர்க்காலத்தில் 1990 முதல் ஐந்தாண்டுகள் மின்சாரமில்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை, மின்கலத்துக்குத் தடை. ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். சவர்க்காரம் கிட்டாதபோது பனம்பழத்தால் துணி துவைத்தார்கள். கிணற்றை அயலாருடன் பகிர்ந்து, பதுங்குகுழியை அயலாருடன் சேர்ந்து வெட்டி, பிழைத்து வந்த ஜனங்கள் அவர்கள். துப்பாக்கிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அவை நிறைந்திருந்ததால் எந்த வீடும் நிம்மதியாக உறங்கவில்லை. இத்தனை அனுபவம் வாய்ந்த சமூகம் ஆபத்துக்கால ஆயத்தத்தைத் தோட்டாவின் விட்டத்திலிருந்து தொடங்குவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

இந்நகரமும் துப்பாக்கியால் ஆறாத புண் பட்டது. 1989 டிசம்பர் 6ஆம் திகதி, மொன் ரோயால் மலைச்சரிவிலுள்ள எக்கோல் பொலிதெக்னிக் கல்லூரியில் பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பதினான்கு பேர் கொல்லப்பட்டார்கள். கொலைஞன் ஏந்தியிருந்தது .223 தோட்டா பாயும் ரூகர் மினி-14. சிறு பிராணி வேட்டைக்கென்று கடைக்காரரிடம் கூறிச் சட்டப்படியே அதை வாங்கியிருந்தான். 2006 செப்டெம்பர் 13ஆம் திகதி டோசன் கல்லூரியில் பதினெட்டு வயது அனஸ்தாசியா டி சூசா சுட்டுக் கொல்லப்பட்டாள். அங்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிதான். மினி-14 தடைசெய்யப்பட்டது 2020 மே மாதத்தில், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

இந்நாட்டுச் சட்டம் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கும் இடமளிக்கிறது. ஆனால் வீட்டிலுள்ள துப்பாக்கி தோட்டா நீக்கிப் பூட்டப்பட்டிருக்க வேண்டும், தோட்டாவும் எளிதில் எட்டாதபடி இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. கைத்துப்பாக்கியைத் தனியார் புதிதாக வாங்குவது, சில விலக்குகள் நீங்கலாக, 2022 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டுள்ளது. இது நல்ல சட்டமென்றே நான் கருதுகிறேன். அனர்த்தம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து சில நாட்களில் போய்விடும். துப்பாக்கியோ மற்றெல்லா நாட்களிலும், குடும்பச் சச்சரவு மூளும் இரவிலும், வேலையிழந்தவன் மனமுடையும் விடியலிலும், அதே அலமாரியில் இருக்கும். கனடாவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை தற்கொலைகள் என்பதை நினைவில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

துப்பாக்கிக்குச் செலவிட நினைத்த பணத்தில் மின்கலத்தால் இயங்கும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்றும், கைப்பிடி சுழற்றும் வானொலி ஒன்றும் வாங்குங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் வீதம் மூன்று நாட்களுக்குக் குடிநீர் சேமியுங்கள். மருந்துகளையும் கம்பளிகளையும் ஒரே இடத்தில் வையுங்கள். மண்டபமும் சமையற்கூடமும் உடைய நம் ஆலய நிர்வாகிகளையும் சங்கத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்று: தனியே வாழும் முதியோர் எவரெவர், எந்த மாடியில் இருக்கிறார்கள், அவர்களை அழைத்துவரும் பொறுப்பு யாருடையது என்ற பட்டியலை, நவம்பர் முடிவதற்குள் எழுதி முடித்துவிடுங்கள்.