நாலில் ஒன்றைத் தொடு

சமூக அறிவியலை 'ஒன் வேர்டு' ஆக்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டும் வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். ஆசிரிய நண்பர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு என்மேல் வருத்தப்படுவார்கள். படட்டும். எழுபத்து நான்கு வயதில் யாருடைய சிபாரிசும் எனக்கு வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தாளுக்கு 100 மதிப்பெண். அதில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மார்க் கேள்விகள் 14. மீதி 86 மதிப்பெண்ணுக்குப் பிள்ளை பேனாவைப் பிடித்து எழுத வேண்டும். ஆனால் போடியில் எந்தத் தெருவிலும் சாயங்காலம் காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டுத் திண்ணையிலும் டியூஷன் மாடியிலும் கேட்பதெல்லாம் அந்தப் பதினாலுக்கான பாராயணம்தான். 'புக் பேக்' முடிந்தால் கைடு, கைடு முடிந்தால் போன வருடக் கேள்வித்தாள், அதுவும் முடிந்தால் செல்போனில் 'குவிஸ்'. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு நாள் கேள்வியில் பாதியைத்தான் படித்தேன். "இ" என்றாள். விடையைச் சொல்லம்மா என்றால், "தாத்தா, விடை 'இ'தான்" என்கிறாள். விடை என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை, அது உட்கார்ந்திருக்கும் இடம் தெரிந்திருக்கிறது.

நண்பர்கள் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். மெல்லக் கற்கும் பிள்ளைகள் 35 வாங்கிக் கரையேற வேண்டும், அதற்கு ஒரு மார்க் கேள்வி கைகொடுக்கும் என்பார்கள். பதினாலும் சரியாகப் போட்டாலும் இன்னும் இருபத்தொன்று வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? எழுதினால்தான் வரும். ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதிப் பழகாத பிள்ளை அந்த இருபத்தொன்றுக்கு மறுபடி மனப்பாடத்திடம்தான் போகும்.

அடுத்தது, இந்த வகைக் கேள்வி உண்மையையே வெட்டி எறிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஊரைப் பற்றியே சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. போடி என் மனைவியின் ஊர். ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து தங்கிவிட்டேன். 'புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த ஆண்டு எது? அ) 1947 ஆ) 1954 இ) 1956 ஈ) 1962' என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். எது சரி? 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி அது இணைப்பு ஆகவில்லை. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று முடிக்க இன்னும் ஆறு வருடம் பிடித்தது. 1962 ஆகஸ்டு 16-ல்தான் சட்டப்படி முடிந்தது. ஆக 'ஆ'வும் சரி, 'ஈ'யும் சரி. வாதம் பண்ணத் தெரிந்தவன் 'இ'க்கும் பாதி மார்க் கேட்பான்.

இது வெறும் தேதித் தகராறு இல்லை. அந்த எட்டு வருட இடைவெளியில்தான் எங்கள் ஊர்க் குடும்பங்களின் கதை இருக்கிறது. ஒப்பந்தப்படி, விரும்பியவர்கள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று வழி இருந்தது. ஒரே கூரையின் கீழ் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆன வீடுகள் உண்டு. ஒருவருக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும், இன்னொருவர் ரேஷன் கடை வரிசையில் நிற்பார். ஏன் இப்படி ஆனது என்று ஒரு பிள்ளை கேட்டால் அதுதான் வரலாற்றுப் பாடம். 'ஈ' என்று வட்டம் போட்டுவிட்டால் அந்தக் கேள்வி பிறப்பதற்கே இடமில்லை.

இந்த ஊருக்கு வருவோம். '1953-ல் அமைக்கப்பட்ட மாநில மறுசீரமைப்புக் குழுவின் தலைவர் யார்?' பசல் அலி. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தது 1956 நவம்பர் 1. இவை இரண்டும் போடிப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வரும். ஆனால் அதே பிள்ளையின் அம்மா விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறாள். அந்த இடத்தில் செக்போஸ்ட் ஏன் இருக்கிறது? தேவிகுளமும் பீர்மேடும் தமிழ் பேசுவோர் நிறைந்த தாலுகாக்களாக இருந்தும் கேரளத்தோடு ஏன் போயின? கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்களும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தபோது இவை மட்டும் ஏன் வரவில்லை? அங்கிருந்த தமிழர்களில் பெரும்பகுதி தோட்ட வேலைக்கு வந்துபோகும் கூலிகள்தானே என்று அன்று எடுத்து வைக்கப்பட்ட வாதம் நியாயமா? தாயின் அன்றாடக் கூலிக்கும் பாடப்புத்தகத்தின் 1956-க்கும் உள்ள தொடர்பை அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னோமா?

இன்னொன்று. ஏலக்காய் விளைவது பெரும்பாலும் கேரளத்து மலையில். ஆனால் வியாபாரத்தின் பெரும்பங்கு அடிவாரத்தில், நம் போடியில். நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் இங்கேயும் நடக்கிறது, மலைமேல் புத்தடியிலும் நடக்கிறது. இதற்குக் காரணம் தேடினால் ஒரு வாரம் வகுப்பெடுக்கலாம். மலைக்கு ஏறும் பாதை, காய்க்குப் பணம் போடும் வியாபாரிகள், தரம் பிரிக்கும் பெண்களின் கைகள், 1928-ல் வந்த மதுரை ரயில் என்று சொல்லிக்கொண்டே போகலாம். மூணாறு டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிப் பக்கம் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கிய காலம் ஒன்று உண்டு. மேலே அந்தத் தேயிலையைக் கொண்டுவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. (மலையாளிகள் அதைத் 'தொண்ணூற்று ஒன்பதின் வெள்ளம்' என்பார்கள். கொல்லம் ஆண்டு 1099. இதையும் யாராவது ஒன் வேர்டாக்கிவிடாமல் இருக்கவேண்டும்.) 2018-ல் கேரளத்தில் வெள்ளம் வந்து தோட்டங்கள் அழிந்தன. அடுத்த வருடம் ஏலக்காய் விலை யாரும் காணாத உயரத்துக்குப் போனது. விலை ஏறியபோது கூலி ஏறியதா? கடல் கடந்த குவாத்தமாலாவில் விளைச்சல் கூடினால் போடி வியாபாரி ஏன் கவலைப்படுகிறார்? இவை பொருளாதாரப் பாடம் இல்லையா? ஆனால் நம் பிள்ளைக்கு 'நறுமணப் பொருள்களின் ராணி எது? ஏலக்காய்' என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

"நீங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அந்தப் பெருமையில் பேசுகிறீர்கள்" என்று ஒரு நண்பர் சொன்னார். பெருமைப்பட அங்கே ரொம்ப ஒன்றும் இல்லை. சேன், லுவார், கரோன், ரோன் என்று நான்கு பிரெஞ்சு ஆறுகளும் எங்கே பிறந்து எங்கே கலக்கின்றன என்று ஒப்பிப்போம். எங்கள் ஊர் ஓரம் ஓடும் சங்கராபரணி பாடத்திலேயே கிடையாது. விரல் கணுவில் அடியும் உண்டு. அந்த அநியாயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பெயர் எதுவும் இல்லாத வெற்று வரைபடத்தைக் கொடுப்பார்கள். 'கார்த் முயெத்', ஊமை வரைபடம் என்று அதற்குப் பெயர். ஆற்றைக் குறித்தால் போதாது. அந்தத் துறைமுகம் அங்கே ஏன் வந்தது என்று கீழே பத்து வரி எழுத வேண்டும். பதில் தவறாக இருந்தாலும் காரணம் ஒழுங்காக இருந்தால் பாதி மதிப்பெண் கிடைக்கும். இன்று வரைபடக் கேள்விக்குக்கூட கைடில் புள்ளி வைத்திருக்கிற இடத்தை அங்குலக் கணக்கில் மனப்பாடம் பண்ணுகிறார்கள்.

இந்த நாலில் ஒன்று முறை எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவில், சுமார் நூற்றுப்பத்து வருடத்துக்கு முன். ஃபிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர், திருத்துபவரின் மனப்போக்குக்கு ஏற்ப மதிப்பெண் மாறுவதைத் தடுக்க இந்த வகைத் தேர்வு ஒன்றை உண்டாக்கினார். பிறகு முதல் உலகப் போர் வந்தது. லட்சக்கணக்கில் சேர்ந்த சிப்பாய்களை வேகமாகத் தரம் பிரிக்க ராணுவம் இந்த மாதிரித் தேர்வுகளைப் பயன்படுத்தியது. கூட்டத்தைச் சலிக்க உண்டாக்கிய சல்லடை இது. சல்லடையில் சோறு பொங்க முடியுமா?

நான் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு கோப்பு வந்தால் குறிப்பு எழுத வேண்டும். விஷயம் என்ன, முன்பு என்ன நடந்தது, விதி என்ன சொல்கிறது, ஆகவே என்ன செய்யலாம் என்று வரிசையாக வர வேண்டும். என் கடைசி வருடங்களில் போட்டித் தேர்வில் ஏராளமான மதிப்பெண் எடுத்து வந்த இளைஞர்களைப் பார்த்தேன். புத்திசாலிகள். விதி எண்ணைக் கேட்டால் பளிச்சென்று சொல்வார்கள். ஒரு விதவையின் பென்ஷன் மனு ஏன் தாமதமானது என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னால் பேனாவைக் கடிப்பார்கள். குற்றம் அவர்களுடையது இல்லை, எழுது என்று அவர்களிடம் யாருமே கேட்டதில்லை. ஆனால் அந்த அரைப் பக்கம் வரும்வரை அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தார்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை கொடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வு முழுக்கக் கொள்குறி வினாக்கள்தான். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000. ஏலத்தோட்டக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று எனக்குத் தெரியும். குரூப் 4 தேர்வும் 200 கொள்குறிக் கேள்விகள்தான். அரசாங்கமே கதவை அப்படி வைத்திருக்கும்போது பிள்ளை அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். பயிற்சி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தேர்வுக்கு முன் ஒரு மாதம் கொடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே பாடத்தை நடத்துவதற்குப் பதிலாகக் கேள்வியை நடத்துவதைத்தான் எதிர்க்கிறேன். பாடம் புரிந்த பிள்ளைக்கு ஒரு மார்க் கேள்வி தானாக வரும். ஒரு மார்க் கேள்வி மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் பாடம் ஒருநாளும் தானாக வராது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தமும் இல்லை. ஒரு கொள்குறிக் கேள்வி கேட்டால் கூடவே 'மற்ற மூன்றும் ஏன் இல்லை?' என்று கேளுங்கள், இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு கேள்வி ஊரிலிருந்து கொடுங்கள். 2010 கடைசியில் நின்ற மதுரை–போடி ரயில் 2023 ஜூன் 15-ல்தான் திரும்ப வந்தது. இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை, பிறந்ததிலிருந்து பள்ளியில் பல வகுப்பு ஏறும்வரை இந்த ஊரில் ரயிலையே பார்த்ததில்லை. ரயில் இல்லாத அந்தப் பன்னிரண்டு வருடத்தில் போடியில் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம்? கடைக்காரரை, லாரிக்காரரை, ஜீப் டிரைவரை, அம்மாவைக் கேட்டு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளிடம் இதைக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தி பாதிப் பக்கம் எழுதியிருக்கிறாள், எழுத்துப் பிழை ஏராளம். இன்னொருவன், "இதுக்கு ஆப்ஷன் என்ன தாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.