ஆயிரம் பேர் செத்தால்தான் போரா?

போர்த்தந்திரம், பன்னாட்டு உறவு படிக்க எந்தப் புத்தகம் என்று வகுப்பில் கேட்டால் சன் சூ, அர்த்தசாஸ்திரம் என்பார்கள். என் ஓட்டு, 1972-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூலுக்கு.

ஜவ்வாது மலையடிவார வட்டாரத்துக் கற்கள் இவை. எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், மாட்டுச் சண்டையில் செத்தது யார் என்று பெரும்பாலும் வெட்டியிருக்கும். எக்செல்லில் ஏற்றினால் அதுவே தரவுத்தளம்!

1963-ல் மிச்சிகனில் தொடங்கிய 'கோரலேட்ஸ் ஆஃப் வார்' ஆய்வுத்திட்டம் களத்தில் 1000 பேராவது செத்தால்தான் போர் என்று கணக்கில் சேர்க்கும். இங்கே ஒருவன் செத்தாலும் கல் உண்டு. எடத்தனூரில், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல்லில், திருட வந்த இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் இடமுண்டு.

மாடு கவரப் போனவனுக்கும் கல், மீட்கப் போனவனுக்கும் கல். இரு தரப்புச் சாட்சியும் இப்படி ஒரே வட்டாரத்தில் எத்தனை போர்களுக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்?