நின்றுபோன கறுப்புத் திரையும் நமது அவசரமும்



2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, சிட்டை எழுதிக்கொண்டிருந்த மளிகைக் கடைகளிலும் கம்ப்யூட்டர் பில் புகுந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி வரி விகிதங்கள் மாறியபோது பலரும் ஒரே வாரத்தில் பில் மென்பொருளைப் புதுப்பிக்க உட்கார்ந்தார்கள். அந்த வாரம் என் காதில் விழுந்த புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "கறுப்புத் திரையில் இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருந்தது, பாதியில் நின்றுவிட்டது, சுவிட்சை அணைத்துப் போட்டோம், இப்போது பில்லே வரவில்லை." இதில் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுவிட்சை அணைத்த கையைத்தான் குறை சொல்வேன்.

லைசன்ஸ் பணம் மிச்சம் என்று உபுண்டு, டெபியன் முதலிய லினக்ஸ் வகைகளைப் போட்டுக்கொண்ட கடைகள் நம்மிடையே உண்டு. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். இவற்றில் மென்பொருளை வரவழைப்பது ஏபிடி. வந்ததைப் பிரித்துப் பொருத்துவது டிபிகேஜி. ஏபிடி கொள்முதலுக்குப் போகிற ஆள், டிபிகேஜி குடோனில் அடுக்குகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரை நின்றால் முதலில் பார்க்க வேண்டியது, நின்றது கொள்முதலிலா அடுக்குவதிலா என்பதைத்தான். கடைசி வரியில் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கும் 'வெயிட்டிங் ஃபார் ஹெடர்ஸ்' போன்ற வாசகமும் இருந்தால், சரக்கு இன்னும் வழியில் இருக்கிறது. இன்டர்நெட் மந்தமாக இருக்கலாம், அல்லது சரக்கு அனுப்பும் சர்வர் பதில் சொல்லாமல் இருக்கலாம். இந்தக் கட்டத்தில் கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தி நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். நஷ்டம் ஏதும் இல்லை. 'அன்பேக்கிங்', 'செட்டிங் அப்' என்ற சொற்கள் வந்துவிட்டால் கதை வேறு. அடுக்குகிற வேலை நடக்கிறது. அங்கே கை வைத்தால் பாதி மூட்டை வெளியே, பாதி மூட்டை உள்ளே என்று ஆகிவிடும். கெர்னல் எனப்படும் அடிப்படைப் பகுதி புதுப்பிக்கப்படும் நேரமாக இருந்தால், பழைய கம்ப்யூட்டரில் ஒரே வரியில் பல நிமிடம் நிற்பதும் உண்டு. அப்போது மின்சாரத்தை நிறுத்தினால் மறுநாள் காலை கம்ப்யூட்டரே எழுந்திருக்காமல் போகலாம்.

நின்றதாகத் தோன்றுவதில் பல, உண்மையில் நம் பதிலுக்காகக் காத்திருப்பவைதான். நீலம் அல்லது ஊதா நிறப் பெட்டியில் ஒரு கேள்வி வந்து நிற்கும். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களைப் போடும்போது வரும் ஒப்பந்தப் பெட்டி இதில் பேர்போனது. மவுஸால் எத்தனை முறை தட்டினாலும் பெரும்பாலும் அசையாது. டேப் விசையை அழுத்தி 'ஓகே'யில் நிறுத்தி என்டர் தட்ட வேண்டும். பாஸ்வேர்டு கேட்கும் இடமும் இப்படித்தான். தட்டும் எழுத்து பெரும்பாலும் திரையில் தெரியாது, புள்ளிகூட விழாது. கீபோர்டு செத்துவிட்டது என்று எண்ணாமல் முழுவதும் தட்டி என்டர் கொடுங்கள். பழக்க தோஷத்தில் சேமிப்பதற்காகக் கன்ட்ரோலும் எஸ்-உம் அழுத்தியிருந்தாலும் திரை உறைந்துவிடும். கன்ட்ரோலும் கியூ-வும் அழுத்தினால் விடுபடும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கறுப்பு ஜன்னலுக்குள் மவுஸால் ஒரு தட்டுத் தட்டினாலே ஓட்டம் நின்றுவிடக்கூடும். மேல் பட்டையில் 'செலக்ட்' என்று காட்டும். எஸ்கேப் தட்டினால் மறுபடி ஓடும்.

இன்னொரு வகை, பூட்டு. 'குட் நாட் கெட் லாக்' என்று வரும். உபுண்டு தானாகவே பாதுகாப்புப் புதுப்பித்தல்களைப் பின்னால் செய்துகொண்டிருக்கும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்ட சிறிது நேரத்தில் இது அதிகம். எடை மேடையில் ஒரு லாரி நிற்கும்போது அடுத்த லாரி வெளியே நிற்பதில் என்ன அதிசயம்? அது முடிந்தால் இது போகும். ஆனால் பூட்டுக் கோப்பையே அழித்துவிடு என்று சொல்லும் அரைகுறைகள் இருக்கிறார்கள். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? எந்த வேலை பூட்டை வைத்திருக்கிறது என்பதை எண்ணோடு அந்தச் செய்தியே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கப் பொறுமை இல்லாதவருக்குக் கூலி எதற்கு?

என் மண்டிக்கு இரண்டு கடை தள்ளி ஒரு மளிகைக் கடை. அங்கே வந்த மெக்கானிக், 'செட்டிங் அப்' வரியில் ஐந்து நிமிடம் நின்றதைப் பார்த்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினார். கணக்கு தாங்கும் டேட்டாபேஸ் அரைகுறையாக நின்றது. பிறகு எல்லாம் அழித்துப் புதிதாகப் போட வேண்டும், பழைய பாக்கிக் கணக்கு வராது என்று சொல்லிக் கட்டணமும் பேசினார். கடைக்காரர் இரண்டு நாள் கையால் பில் எழுதினார். கடன் வாங்கியவர்களின் பாக்கி அத்தனையும் அதற்குள் இருந்தது. மூன்றாம் நாள் கல்லூரியில் படிக்கும் அவருடைய அண்ணன் மகன் வந்தான். புதிதாக எதைப் போட முயன்றாலும், டிபிகேஜி தடைப்பட்டது, இந்தக் கட்டளையைக் கொடுங்கள் என்று திரையிலேயே ஒரு வரி வந்துகொண்டிருந்தது. 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்ற அந்த வரியை அப்படியே தட்டினான். விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்து முடிந்தது. பாக்கிக் கணக்கு ஒரு பைசா குறையாமல் இருந்தது. எல்லாச் சமயமும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் சொல்லவில்லை. அழித்துப் போடு என்பவரை, முதலில் இதைச் செய்து பார்த்தீர்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஜி.எஸ்.டி.ஆர்-1 கொடுக்கும் 11ஆம் தேதியை ஒட்டியும், பண்டிகைக் கூட்டத்திலும் புதுப்பித்தல் வேலைக்குக் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள். கடை மூடிய இரவில், யு.பி.எஸ். இருக்கும்போது செய்யச் சொல்லுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இரண்டு வரி சேர்த்து எழுதி வாங்குங்கள். வேலை தொடங்குமுன் கணக்கின் நகலை வேறொரு டிஸ்க்கில் எடுத்து உங்கள் கையில் தர வேண்டும். திரை நின்றால், கடைசி வரியை செல்போனில் படம் எடுத்து உங்களிடம் காட்டாமல் மின்சாரத்தைத் தொடக் கூடாது.